அம்மாவின் ரிப்போர்ட்டில் ‘பிடி-எல்1: 15’. பயப்படவா, ஊசிக்கு ஏற்பாடு செய்யவா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 58. வயிறு உப்புசம் என்று நான்கு மாதம் கேஸ் மாத்திரையிலேயே ஓட்டினார். கடைசியில் ஸ்கேன் எடுத்தபோது சினைப்பைப் புற்றுநோய் என்றார்கள். ஹை கிரேட் சீரஸ் வகை, மூன்றாம் நிலை சி. மூன்று கீமோ, பிறகு ஆபரேஷன், பிறகு மறுபடியும் மூன்று கீமோ என்று திட்டம். கடைசி கீமோ அடுத்த வாரம். ஆபரேஷன் குறிப்பில் ‘கண்ணுக்குத் தெரியும் கட்டி எதுவும் மிச்சமில்லை’ என்று எழுதியிருக்கிறது. உறவினர் ஒருவர் சொன்னதைக் கேட்டு, கட்டித் துண்டை மெழுகில் பதித்து வைத்திருக்கும் பிளாக்கைத் தனியார் லேபுக்கு அனுப்பினோம். ‘பிடி-எல்1 பாசிட்டிவ், சி.பி.எஸ். 15’ என்று வந்திருக்கிறது. இரவெல்லாம் நெட்டில் படித்தேன். ஒரு கட்டுரை இது அதிகம் இருப்பவர்கள் சீக்கிரம் இறக்கிறார்கள் என்கிறது. இன்னொன்று அதிகம் இருந்தால் நல்லது என்கிறது. எது உண்மை? அண்ணன் வயலை விற்றாவது, நோயெதிர்ப்பைத் தூண்டிவிடும் இம்யூனோதெரபி ஊசி போட்டுவிடலாம் என்கிறான். லாக்-3, டிம்-3 என்று இன்னும் சில புரதங்களைப் பார்க்கும் பேனல் இருக்கிறது என்று லேபில் சொல்கிறார்கள், அதையும் பார்க்கவா? அம்மாவிடம் இந்த எண்ணை இன்னும் சொல்லவில்லை, சொல்லலாமா? எங்கள் ஆச்சியும் இப்படித்தான் வயிற்றில் நீர் கோத்து இறந்துபோனார் என்று அம்மா அடிக்கடி சொல்வார்.
– வாசகி, திருநெல்வேலி மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

அந்த 15ஐ வைத்து உங்கள் அம்மா எத்தனை காலம் இருப்பார் என்று என்னால் சொல்ல முடியாது. வேறு எந்தப் புற்றுநோய் மருத்துவராலும் முடியாது. சொல்கிறேன் என்று யாராவது வந்தால் நம்பாதீர்கள். நீங்கள் படித்த இரண்டு கட்டுரைகளிலும் பொய் இல்லை. இரண்டுமே நிஜமான நோயாளிகளை வைத்து முறையாகச் செய்தவையாகத்தான் இருக்கும். அவை ஏன் எதிரெதிராகப் பேசுகின்றன என்பது புரிந்துவிட்டால், அண்ணனுக்கும் லேபுக்கும் சொல்ல வேண்டிய பதில் உங்களுக்கே கிடைத்துவிடும். அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கிருமி புகுந்த செல்களையும் கெட்டுப்போன செல்களையும் தேடிக் கொல்பவை டி செல்கள். அவை கிளம்பிவிட்டால் யாராவது நிறுத்தித்தான் ஆக வேண்டும். காய்ச்சல் போன பிறகும் சண்டை நீடித்தால் நம் நுரையீரலும் ஈரலும் தைராய்டும் சேர்ந்து அடிபடும். அதற்காக, கிளர்ந்தெழுந்த டி செல்லின் மேற்பரப்பில் பிடி-1 என்ற பிரேக் இருக்கிறது. பிடி-எல்1 என்பது அதை மிதிக்கும் கால். உடலின் நல்ல செல்களும் தேவைப்படும்போது இதைச் செய்கின்றன. கர்ப்பத்தில் நஞ்சுக்கொடியில் பிடி-எல்1 ஏராளமாக இருக்கும். குழந்தையை அம்மாவின் டி செல்கள் வேற்றாள் என்று தாக்காமல் இருப்பதில் அதற்கும் பங்குண்டு. இதே வித்தையைப் புற்றுநோய் செல்லும் கற்றுக்கொள்கிறது. பிடி-1ஐ முதலில் கண்டறிந்தது ஜப்பானில், கியோட்டோ பல்கலைக்கழகத்தில் தசுகு ஹோஞ்சோவின் குழு, 1992இல். சிடிஎல்ஏ-4 என்ற இன்னொரு பிரேக்கை விடுவித்தால் கட்டிகள் கரைகின்றன என்று எலிகளில் காட்டியவர் அமெரிக்காவின் ஜேம்ஸ் அலிசன். 2018இல் இருவருக்கும் மருத்துவ நோபல் கொடுத்தார்கள். உங்கள் அண்ணன் சொல்லும் ஊசிகளெல்லாம் இந்த வழியில் வந்தவைதான்.

உங்களைத் தூங்கவிடாத முதல் கட்டுரையும் கியோட்டோவிலிருந்து வந்ததாக, இல்லாவிட்டால் அதை மேற்கோள் காட்டியதாக இருக்கும் என்று நினைக்கிறேன். 2007இல் வெளியான அந்த ஆய்வில் சினைப்பைப் புற்றுநோய் வந்த 70 பெண்களின் கட்டிகளைப் பார்த்தார்கள். பிடி-எல்1 குறைவாக இருந்தவர்களில் 5 ஆண்டு உயிரோடிருந்தவர்கள் சுமார் 80 சதவீதம். அதிகமாக இருந்தவர்களில் சுமார் 53 சதவீதம். பிடி-எல்1 அதிகமிருந்த கட்டிகளுக்குள் டி செல்கள் குறைவாகவே நுழைந்திருந்தன. கதை கச்சிதமாகப் பொருந்தியது: கால் பிரேக்கை மிதிக்கிறது, டி செல் நிற்கிறது, நோய் வளர்கிறது. பல ஆண்டுகள் எல்லோரும் இதையே சொல்லிக்கொண்டிருந்தோம்.

பிறகு 2016இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இருந்து ஓர் ஆய்வு வந்தது. உங்கள் அம்மாவுக்கு இருக்கும் அதே ஹை கிரேட் சீரஸ் வகையில், பிடி-எல்1 இருந்தவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள். அந்தக் கட்டிகளில் டி செல்களும் கூடுதலாக இருந்தன. ஜெர்மனியில் இருந்தும் அதே ஆண்டு அதே திசையில் ஓர் ஆய்வு வந்தது.

ஒரே புரதம் எப்படி இரண்டு பேச்சு பேசும்? பிடி-எல்1 கட்டியின் மேல் வருவதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. சில கட்டிகள் தம்முடைய மரபணுக் கோளாறு காரணமாக, டி செல் பக்கத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தாமாகவே அதைத் தயாரித்துக்கொண்டே இருக்கும். இது நல்லதற்கில்லை. இன்னொரு வழியில், டி செல்கள் உள்ளே புகுந்து சண்டையைத் தொடங்கும்போது இன்டர்ஃபெரான் காமா என்ற பொருளை வெளியிடுகின்றன. அது பட்டதும் சுற்றியுள்ள செல்கள் தற்காப்புக்காகப் பிடி-எல்1ஐ வெளியே நீட்டுகின்றன. இந்த இரண்டாவது வழியில் வந்த பிடி-எல்1 ‘இங்கே டி செல்கள் வந்திருக்கின்றன’ என்பதற்கான தடயம். அம்மாவின் உடல் அந்தக் கட்டியை அடையாளம் கண்டிருக்கிறது என்று பொருள். லேபில் பிடி-எல்1 இருக்கும் இடத்தில் சாயம் பழுப்பாக ஏறும்; இரண்டுக்கும் ஒரே பழுப்பு நிறம்தான்.

அந்த நிறம் யார் மேல் விழுந்திருக்கிறது என்பது அடுத்தது. கனடா ஆய்வில் பிடி-எல்1 பெரும்பாலும் புற்றுநோய் செல்களின் மேல் இல்லை. கட்டிக்குள் குடியேறியிருக்கும் மேக்ரோஃபேஜ் என்ற நோயெதிர்ப்புச் செல்களின் மேல் இருந்தது. கியோட்டோ ஆய்வில் எடைபோட்டது புற்றுநோய் செல்லின் மேல் இருந்ததை. உங்கள் ரிப்போர்ட்டின் சி.பி.எஸ். கணக்கோ இரண்டையும் கூட்டிச் சொல்வது: நிறமேறிய புற்றுநோய் செல், லிம்போசைட் (டி செல் இந்த வகைதான்), மேக்ரோஃபேஜ் எல்லாவற்றையும் எண்ணி, உயிருள்ள மொத்தப் புற்றுநோய் செல்களின் எண்ணிக்கையால் வகுத்து, நூறால் பெருக்குவது. ஆகவே 15 என்பது ‘நூற்றில் பதினைந்து புற்றுநோய் செல்’ என்று ஆகாது. பதினைந்தும் மேக்ரோஃபேஜாகவே இருக்கலாம். உங்களுக்கு வந்த ரிப்போர்ட்டில் எது எவ்வளவு என்று பிரித்து எழுதியிருக்க வாய்ப்பு குறைவு.

நோயின் வகையையும் பார்க்க வேண்டும். சினைப்பைப் புற்றுநோய் என்று ஒரே பெயரில் சொன்னாலும் சீரஸ், கிளியர் செல், எண்டோமெட்ரியாய்டு, மியூசினஸ் எல்லாம் வேறு வேறு நோய்கள். ஜப்பானில் கிளியர் செல் வகை மேலைநாடுகளைவிடக் கணிசமாக அதிகம். எல்லா வகையையும் ஒரே கூடையில் போட்டு 70 பேரில் கண்டதை உங்கள் அம்மாவின் மேல் அப்படியே வைக்க முடியாது.

இன்னொரு கேள்வி, லேபுக்குப் போனது எந்த பிளாக்? கீமோவுக்கு முன் ஊசியால் எடுத்த பயாப்ஸியா, மூன்று கீமோ முடிந்து ஆபரேஷனில் எடுத்ததா? உங்கள் கடிதத்தில் இது இல்லை. கீமோ கொடுத்த பிறகு கட்டிக்குள் டி செல்களும் பிடி-எல்1உம் கூடுவதைப் பல ஆய்வுகள் பார்த்திருக்கின்றன. அதேபோல இந்த நோய் வயிறு முழுக்க விதை தூவியதுபோல் பரவக்கூடியது. சினைப்பையில் எடுத்த துண்டும் வயிற்றுக்குள் தொங்கும் ஓமென்டம் என்ற கொழுப்புத் திரையில் எடுத்த துண்டும் ஒரே எண்ணைத் தராது. சாயம் ஏற்ற லேப் பயன்படுத்தும் ஆன்டிபாடி எது என்பதும் கணக்கில் வரும்: 22சி3, எஸ்.பி.142, எஸ்.பி.263 என்று பல இருக்கின்றன, ஒன்று கொடுக்கும் எண் இன்னொன்றில் வராது. இத்தனைக்கும் நடுவில் நிற்கும் எண்தான் உங்கள் 15.

கட்டிக்குள் டி செல்கள் இருக்கின்றனவா என்பது மட்டும் இந்தக் குழப்பத்திலிருந்து தப்பிய அளவுகோல். 2003இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் 186 பேரின் கட்டிகளைப் பார்த்தார்கள். கட்டிக்குள் டி செல் இருந்தவர்களில் 38 சதவீதம் பேர் 5 ஆண்டுகள் கடந்தும் இருந்தார்கள், இல்லாதவர்களில் 4.5 சதவீதம்தான். 2017இல் பல நாடுகள் சேர்ந்து 5,500க்கும் மேற்பட்ட கட்டிகளை ஆராய்ந்தபோதும் இது நிலைத்து நின்றது. ஹை கிரேட் சீரஸ் வகையில், கொல்லும் வகை டி செல்லான சிடி8 ஒன்றுகூட இல்லாதவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் அதைத் தாண்டி வாழ்ந்த காலம்) 2.8 ஆண்டு, ஏராளமாக இருந்தவர்களுக்கு 5.1 ஆண்டு. பிடி-எல்1 நல்லது என்று சொன்ன ஆய்வுகள் பெரும்பாலும் இந்த டி செல்களின் நிழலைத்தான் பார்த்தன என்பது என் கருத்து. ஆனாலும் டி செல்லை எண்ணிப் பார்த்து யாருக்கும் இன்று சிகிச்சையை மாற்றுவதில்லை. அதனால் அதையும் எண்ணித் தரச் சொல்லி ஓடாதீர்கள்.

இனி அண்ணனின் யோசனை. ஒரு சோதனை ‘நோய் எப்படிப் போகும்’ என்று சொல்வது வேறு, ‘இந்த மருந்து கேட்கும்’ என்று சொல்வது வேறு. நுரையீரல் புற்றுநோயில் பிடி-எல்1 இரண்டாவது வேலையை ஓரளவு நன்றாகவே செய்கிறது. அங்கே எண் அதிகமானால் ஊசி நன்றாகக் கேட்கிறது. உறவினர்கள் கேள்விப்படுவது அந்தக் கதைகளைத்தான். சினைப்பையில் அது அப்படி நடக்கவில்லை. நோய் திரும்ப வந்த 376 பெண்களுக்குப் பிடி-1 பிரேக்கை விடுவிக்கும் பெம்ப்ரோலிசுமாப் ஊசியைத் தனியாகக் கொடுத்த கீநோட்-100 ஆய்வில், கட்டி சுருங்கியது நூற்றுக்கு 8 பேருக்கு. சி.பி.எஸ். 10க்கு மேல் இருந்தவர்களில் முதல் கணக்கெடுப்பில் நூற்றுக்கு 17 பேர். அதாவது உங்கள் அம்மாவின் எண் உள்ளவர்களிலும் ஆறில் ஐந்து பேருக்குக் கேட்கவில்லை.

அதுவும் நோய் திரும்பியவர்களுக்கு. உங்கள் அம்மா இருக்கும் இடம், அதாவது முதல் சிகிச்சை, அதில் முடிவுகள் இன்னும் தெளிவாக இருக்கின்றன. ஐமேகின்050 என்ற ஆய்வில் 1,301 பெண்களுக்கு வழக்கமான கீமோ, கட்டிக்கு ரத்தக்குழாய் வளர்வதைத் தடுக்கும் பெவாசிசுமாப் இரண்டோடும், பிடி-எல்1ஐத் தடுக்கும் அட்டிசோலிசுமாப் சேர்த்துப் பார்த்தார்கள். பிடி-எல்1 பாசிட்டிவ் ஆனவர்களைத் தனியே பிரித்துக் கணக்கிட்டும், நோய் திரும்பும்வரை கிடைத்த காலம் 18.5 மாதத்திலிருந்து 20.8 மாதம் ஆனது. புள்ளியியல்படி அது வெற்றி இல்லை. அதே வகை மருந்தான அவெலுமாப்பைச் சோதித்த ஜாவ்லின் ஓவேரியன் 100 ஆய்வில் 998 பேர் இருந்தார்கள்; பலன் வராது என்று தெரிந்ததும் 2018 கடைசியில் இடையிலேயே நிறுத்திவிட்டார்கள். அதே வகையைச் சேர்ந்த டுர்வாலுமாப்பை, கட்டியின் டிஎன்ஏ பழுதுபார்ப்பைத் தடுக்கும் ஓலாபரிப் மாத்திரை, பெவாசிசுமாப் இரண்டோடும் சேர்த்த டியோ-ஓ ஆய்வில் நோய் திரும்புவது தள்ளிப்போனது உண்மை. ஆனால் அதில் எவ்வளவு ஓலாபரிப்பின் பங்கு, எவ்வளவு டுர்வாலுமாப்பின் பங்கு என்று பிரித்தறியும்படி அந்த ஆய்வு அமைக்கப்படவில்லை.

மறைக்காமல் இதையும் சொல்லிவிடுகிறேன். 2025 அக்டோபரில் பெர்லினில் நடந்த ஐரோப்பியப் புற்றுநோய் மாநாட்டில் கீநோட்-பி96 ஆய்வின் முடிவு வந்தது. பிளாட்டினம் கீமோ முடிந்து 6 மாதத்துக்குள் நோய் திரும்பியவர்களுக்கு வாராந்திர பாக்லிடாக்ஸல் கீமோவுடன் பெம்ப்ரோலிசுமாப் சேர்த்தார்கள். சிலருக்குப் பெவாசிசுமாப்பும் உண்டு. சி.பி.எஸ். 1 அல்லது அதற்கு மேல் இருந்தவர்களின் இடைநிலை ஆயுள் 14 மாதத்திலிருந்து 18.2 மாதமாகக் கூடியது. சினைப்பையில் இந்த வகை மருந்து ஆயுளை நீட்டியதாகப் பெரிய ஆய்வொன்று காட்டியது இதுவே முதல்முறை, எங்களுக்கெல்லாம் மகிழ்ச்சிதான். ஆனால் அந்த ஆய்வில் சேர்ந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு சி.பி.எஸ். 1க்கு மேல்தான். ‘பாசிட்டிவ்’ என்பது இந்த நோயில் அரிதான விஷயமே இல்லை. உங்கள் அம்மாவுக்கு நோய் திரும்பவும் இல்லை. திரும்பினாலும் 6 மாதத்துக்குள் திரும்பும் என்றும் இல்லை. அந்த ரிப்போர்ட் ஃபைலில் இருக்கட்டும். இப்போதைக்கு அதற்கு வேலை கிடையாது.

வயலை விற்க வேண்டாம் என்று அண்ணனிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். பணம் மட்டும் காரணமில்லை. பிரேக்கை எடுத்தால் டி செல்கள் எங்கே வேண்டுமானாலும் திரும்பும்: தைராய்டு, குடல், நுரையீரல், ஈரல், அரிதாக இதயம். ஊசி போட்டுப் பல வாரம் கழித்து வயிற்றுப்போக்கு வரலாம். நம் ஊரில் என்ன செய்வோம்? மருந்துக்கடையில் இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டு மோர்க்கஞ்சி குடிப்போம். அது குடல் அழற்சியாக இருந்தால் உடனே ஸ்டீராய்டு தேவை. தாமதித்தால் குடலில் ஓட்டை விழும் அளவுக்குப் போகலாம். பலன் வரும் என்று தெரிந்த நோயில் இந்த அபாயத்தை எடுக்கலாம், எடுக்கிறோம். இங்கே எதற்கு?

குறைந்த அளவு நிவோலுமாப் (இதுவும் பிடி-1 ஊசிதான்) மலிவாக வேலை செய்கிறதாமே என்று யாராவது சொல்வார்கள். மும்பை டாடா நினைவு மருத்துவமனை செய்த அந்த ஆய்வு உண்மை, நல்ல ஆய்வும்கூட. ஆனால் அது வாய், தொண்டைப் புற்றுநோய்க்கு.

லாக்-3, டிம்-3, டிஜிட், பி7-ஹெச்4 எல்லாம் இதே குடும்பத்துப் புரதங்கள்தான். லாக்-3ஐத் தடுக்கும் ரெலட்லிமாப் 2022இல் அமெரிக்காவில் மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. பி7-ஹெச்4 சினைப்பைக் கட்டிகளில் நிறையவே இருப்பதால் அதைக் குறிவைத்து மருந்துகள் சோதனையில் இருக்கின்றன. ஆராய்ச்சியாளர்களுக்கு இவை பயன்படும். பேனலின் முடிவு எப்படி வந்தாலும் உங்கள் அம்மாவின் சிகிச்சையில் ஒரு மாத்திரைகூட மாறாது. சோதனைக்குப் பணம் கட்டும் முன் ‘முடிவு இப்படி வந்தால் என்ன செய்வீர்கள், அப்படி வந்தால் என்ன செய்வீர்கள்’ என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். இரண்டுக்கும் ஒரே பதில் வந்தால் அந்தச் சோதனை வேண்டாம்.

அம்மாவின் நோய் எப்படிப் போகும் என்பதைப் பற்றி உண்மையில் ஏதாவது சொல்லக்கூடிய வரி உங்கள் கடிதத்தில் இருக்கிறது, நீங்கள்தான் அதைக் கவனிக்கவில்லை: ‘கண்ணுக்குத் தெரியும் கட்டி எதுவும் மிச்சமில்லை’. முதலிலேயே ஆபரேஷன் செய்துகொண்ட 3,126 பெண்களின் தகவலை ஜெர்மானிய மருத்துவர்கள் முன்னின்று தொகுத்து 2009இல் வெளியிட்டார்கள். மிச்சமே இல்லாமல் எடுக்கப்பட்டவர்களின் இடைநிலை ஆயுள் 99 மாதம். ஒரு சென்டிமீட்டர் வரை மிச்சம் வைத்தவர்களுக்கு 36 மாதம். உங்கள் அம்மாவுக்குக் கீமோவுக்குப் பிறகு ஆபரேஷன் நடந்ததால் இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. முதலில் கீமோ கொடுத்தவர்களிடமும் மிச்சமில்லாதவர்களுக்கே நல்ல காலம் கூடுதல் என்பது மாறவில்லை. அந்த ஒரு வரியை எழுத வைத்த அறுவை மருத்துவர் பல மணி நேரம் நின்றிருப்பார். பதினைந்தைவிட அந்த வரிக்கு மதிப்பு அதிகம்.

அதற்கு அடுத்து முக்கியமானது, நீங்கள் கேட்கவே இல்லாத ஒன்று. ஆச்சி வயிற்றில் நீர் கோத்து இறந்தார் என்று கடிதத்தின் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காலத்தில் பலர் சினைப்பைப் புற்றுநோயில் இப்படித்தான் போனார்கள். பெயர் வைக்க ஸ்கேன் இல்லை. ஈரல் நோயாகவும் இருந்திருக்கலாம். ஆனால் அம்மாவின் அம்மா, பிறகு அம்மா என்ற வரிசையைப் பார்த்ததும் எந்தப் புற்றுநோய் மருத்துவருக்கும் பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 மரபணுக்கள்தான் நினைவுக்கு வரும். டிஎன்ஏவைப் பழுதுபார்ப்பது இவற்றின் வேலை; இவை கெட்டுப் பிறந்தால் மார்பகம், சினைப்பைப் புற்றுநோய் அபாயம் கூடும். குடும்பக் கதை எதுவும் இல்லாவிட்டாலும் ஹை கிரேட் சீரஸ் வந்த எல்லாப் பெண்களுக்கும் இந்தச் சோதனை செய்ய வேண்டும். அம்மாவுக்குச் செய்ததாக நீங்கள் எழுதவில்லை. செய்யவில்லை என்றால், லேப் பேனலுக்கு ஒதுக்கிய பணத்தை இதற்குக் கொடுங்கள்.

இதில் முடிவு எப்படி வருகிறதோ அதற்கேற்பச் சிகிச்சை மாறும். பிஆர்சிஏ மாற்றம் இருந்து, முதல் கீமோ நன்றாகக் கேட்ட பெண்களுக்கு ஓலாபரிப் மாத்திரையை 2 ஆண்டு கொடுத்த சோலோ-1 ஆய்வில், 7 ஆண்டு முடிவில் உயிரோடிருந்தவர்கள் 67 சதவீதம். மாத்திரை கிடைக்காதவர்களில் 46.5 சதவீதம். சினைப்பைப் புற்றுநோயில் இப்படிப்பட்ட எண்களை நாங்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. ரத்தத்தில் பிஆர்சிஏ மாற்றம் இல்லை என்று வந்தாலும் கட்டியில் மட்டும் அந்த மாற்றம் இருக்கலாம். டிஎன்ஏ பழுதுபார்க்கும் திறன் வேறு விதத்தில் குறைந்திருக்கலாம். ஹெச்ஆர்டி சோதனை அதைச் சொல்லும். ஹை கிரேட் சீரஸ் கட்டிகளில் ஏறத்தாழ பாதியில் இந்தக் குறைபாடு இருக்கிறது.

இந்த மாத்திரையைத் தொடங்க நேரக்கெடு உண்டு. சோலோ-1 ஆய்வில் கடைசி கீமோ முடிந்து 8 வாரத்துக்குள் தொடங்கினார்கள். சோதனை முடிவு வர சில வாரங்கள் ஆகும். ஆகவே அடுத்த வாரம் கடைசி கீமோவுக்குப் போகும்போதே ரத்தம் கொடுத்துவிடுங்கள். செலவுக்கு மருத்துவமனையின் காப்பீட்டு மேசையிலும் சமூகப் பணியாளரிடமும் கேட்டுவிட்டுப் பிறகு சொந்தப் பணத்தைத் தொடுங்கள்.

இதில் உங்கள் பங்கும் இருக்கிறது. அம்மாவுக்குப் பிறவியிலேயே அந்த மாற்றம் இருந்தால், உங்களுக்கும் அண்ணனுக்கும் வந்திருக்கும் வாய்ப்பு தலா பாதிக்குப் பாதி. அண்ணன் ஆண்பிள்ளை, எனக்கென்ன என்று ஒதுங்க முடியாது. ஆண்களுக்குப் புராஸ்டேட், கணையம், மார்பகப் புற்றுநோய் அபாயம் கூடும், மகளுக்கும் கடத்தலாம். பிஆர்சிஏ1 மாற்றம் உள்ள பெண்ணுக்கு 80 வயதுக்குள் சினைப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு நூற்றுக்கு 44, பிஆர்சிஏ2 என்றால் 17. ஆண்டுதோறும் ஸ்கேனும் சிஏ-125 ரத்தச் சோதனையும் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்வதில் பாதுகாப்பு இல்லை. பிரிட்டனில் 2 லட்சம் பொதுப் பெண்களைச் சேர்த்து, அவர்களில் பாதிப் பேரை அப்படிக் கண்காணித்துப் பார்த்தார்கள்; 2021இல் முடிவு வந்தபோது இறப்பு குறையவில்லை. பிஆர்சிஏ1 இருப்பவர்கள் குழந்தைகள் பெற்று முடித்த பிறகு 35 முதல் 40 வயதுக்குள்ளும், பிஆர்சிஏ2 இருப்பவர்கள் 40 முதல் 45க்குள்ளும் சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் எடுத்துவிடுவதுதான் உயிர் காக்கும் வழி. உங்கள் வயதை நீங்கள் எழுதவில்லை. அம்மாவின் முடிவு வந்ததும் மரபணு ஆலோசகரைப் போய்ப் பாருங்கள். அம்மாவுக்குப் பிறவி மாற்றம் இருந்து உங்களுக்கு அது இல்லை என்று வந்தால், மற்ற பெண்களுக்கு உள்ள அபாயமே உங்களுக்கும்.

பிஆர்சிஏ மாற்றம் உள்ள கட்டிகளில் டி செல்களும் பிடி-எல்1உம் சராசரியாகக் கூடுதலாகக் காணப்படுகின்றன. அதற்காக உங்கள் 15ஐ வைத்து பிஆர்சிஏ மாற்றம் இருக்கிறது என்று முடிவுகட்ட வேண்டாம். சோதனைதான் சொல்ல வேண்டும்.

அம்மாவிடம் சொல்வதா என்று கேட்டிருக்கிறீர்கள். பிஆர்சிஏ சோதனைக்கு அவர் ரத்தமும் அவர் சம்மதமும் வேண்டும், அதனால் எப்படியும் உட்கார்ந்து பேசத்தான் வேண்டும். ஐந்து கீமோவும் ஒரு பெரிய ஆபரேஷனும் தாங்கியவரிடம் எதையும் மறைத்துக் காக்க வேண்டியதில்லை. ‘உன் கட்டியைப் பற்றி ஒரு சோதனை செய்தோம், அதில் இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை, இன்னொன்று செய்ய வேண்டும்’ என்றால் போதும். எண்ணைக் கேட்டால் எண்ணையும் சொல்லுங்கள். பெண் இரவெல்லாம் போனைப் பார்த்துக்கொண்டு முகம் வாடியிருந்தால் அம்மாக்கள் 15ஐவிட மோசமானதைக் கற்பனை செய்துகொள்வார்கள்.

ஆச்சி எந்த வயதில் இறந்தார், அம்மா வழியில் சித்தி, பெரியம்மா, மாமா யாருக்காவது மார்பகம், சினைப்பை, கணையம் என்று வந்திருக்கிறதா என்றும் அப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மரபணு ஆலோசகர் முதலில் கேட்பது அதைத்தான்.

லேபில் கொடுத்த பிளாக்கைத் திரும்ப வாங்கிவிட்டீர்களா? வாங்கவில்லை என்றால் இந்த வாரமே ரசீதைக் காட்டி வாங்கி, ஆபரேஷன் நடந்த மருத்துவமனையின் பெத்தாலஜி பிரிவில் கையெழுத்துப் பெற்று ஒப்படையுங்கள். ஹெச்ஆர்டி சோதனைக்கு அந்த பிளாக் வேண்டும். எத்தனை முறை சீவினாலும் அதில் இருப்பது அவ்வளவு திசுதான், லாக்-3க்கும் டிம்-3க்கும் அதைச் செலவழித்துவிடாதீர்கள்.